கொம்பக்ட் என்று சொல்லி 53/39 மாட்டிவிட்டார்கள்: ரோட் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கவனம்

யாழ்ப்பாணத்தில் ரோட் சைக்கிளுக்கு கிராங்க் (பெடல் பூட்டும் கைகளும் முன் பல் வளையங்களும் சேர்ந்த செட்) மாற்றப் போகிறவர்கள் கடையில் 'கொம்பக்ட்' என்ற சொல்லை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். பல் எண்ணிக்கையைச் சொல்லுங்கள், அதை பில்லில் எழுதுவியுங்கள், கடை வாசலில் வைத்தே எண்ணிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். கொம்பக்ட் என்றால் பெரிய வளையத்தில் 50 பல், சின்னதில் 34 பல், அதாவது 50/34. பல் குறையக் குறைய மேட்டில் மிதிக்கச் சுலபம். நான் 50/34க்கு இருபத்தெட்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். சைக்கிளில் ஏறியது யாரோ கழற்றிப் போட்ட 53/39.

என்னுடையது ஜப்பானில் பாவித்து இங்கே வந்து இறங்கிய சைக்கிள். அதோடு வந்த செயின் வீலின் பற்கள் சுறாச் செட்டை மாதிரித் தேய்ந்து, அழுத்தி மிதித்தால் செயின் ஏறிக் குதித்தது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுவதென்று நண்பர்களோடு பேசி வைத்திருந்த நேரம் என்பதால் 50/34 கேட்டேன்.

கடைக்காரர் சிரித்தார். "யாழ்ப்பாணத்திலை மலை எங்கை தம்பி இருக்கு? நாங்கள் கிளாலியிலையிருந்து ரெண்டு மூட்டை அரிசியைக் கட்டிக்கொண்டு ஒரே கியர்ச் சைக்கிளிலை வந்த ஆக்கள்." அது பொய்யில்லை, தொண்ணூறுகளில் எங்கள் ஊரே அப்படித்தான் ஓடியது. பிறகு, "சரி, கொம்பக்ட் ஒண்டு கிடக்கு, போட்டுத் தாறன்" என்றார். பில்லில் 'கிராங்க் செட் 1' என்று மட்டும் எழுதினார்.

இங்கே ஓடும்போது வித்தியாசம் பிடிபடாது. காரணம், 39 பல் எங்கள் தட்டையான றோட்டுக்கு நல்ல வளையம். சோளகம் அடிக்கிற மாதங்களில் பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் எதிர்க்காற்றில் போகும்போது, மணிக்கு 25 கி.மீ. பிடிக்க முன்னால் 39க்குப் பின் சில்லில் 17 பல் தட்டு கச்சிதமாக அமையும். கொம்பக்டில் இரண்டு வளையத்துக்கும் 16 பல் இடைவெளி. முன்னால் மாற்றும்போதெல்லாம் பின்னாலும் இரண்டு மூன்று தட்டு மாற்றிச் சமாளிக்க வேண்டும். ஆகவே குடாநாட்டுக்குள் மட்டும் ஓடுகிறவருக்கு 53/39 மோசம் என்று சொல்லமாட்டேன். அந்த 53ஐ 11 பல்லில் போட்டு நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 54 கி.மீ. தாண்டும், அப்படி மிதிக்கிறவர்களை நான் இங்கே கண்டதில்லை, அது வேறு கதை. என் பிரச்சினை, நான் கேட்டதும் காசு கொடுத்ததும் வேறொன்றுக்கு.

புசல்லாவை தாண்டியதும் விஷயம் வெளுத்தது. கம்பளை கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் அளவில் இருக்கிறது, நுவரெலியா 1868 மீட்டரில். என்னோடு வந்த நண்பனுக்கு முன்னால் 34, பின்னால் எனக்கிருந்த அதே 28 பல்தான். அவன் சீட்டில் இருந்தபடி கதைத்துக்கொண்டு ஏறுகிறான், நான் எழும்பி நின்று மிதிக்கிறேன். 34/28இல் (முன்னால் 34, பின்னால் 28) ஒரு சுற்றுக்கு சைக்கிள் சுமார் 2.55 மீட்டர் போகும், 39/28இல் 2.9 மீட்டர். கேட்கச் சின்ன வித்தியாசம். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் ஏழில் ஒரு பங்கு பாரம் கூட, அதுவும் றம்பொடை வளைவுகளில் மணிக்கணக்காக. மணிக்கு 8 கி.மீ.யில் அவன் கால் நிமிடத்துக்கு 52 தரம் சுற்ற, என்னுடையது 46. முழங்கால் நோவு வீடு வந்தும் விடவில்லை.

வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் சைக்கிளைச் சாய்த்து, ஒரு பல்லில் சேற்றைப் பூசி அடையாளம் வைத்து எண்ணினோம். 39. திரும்பவும் எண்ணினோம், 39தான். பெரியது 53. வழக்கமாக வளையத்தின் முகத்திலேயே பல் எண்ணிக்கை பொறித்திருக்கும். என்னுடைய சின்ன வளையத்தில் அந்த இடத்தில் அரத்தால் ராவிய கோடுகள், அதற்கு மேல் கறுப்புப் பெயின்ற். நகத்தால் சுரண்ட உரிந்து வந்தது. 9இன் வால் மட்டும் தப்பியிருந்தது.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தோம். 53 இருந்த இடத்தில் 50 ஏறினால் முன் டெரெய்லரை (செயினை வளையம் விட்டு வளையம் தள்ளும் பொறியை) கீழே இறக்கியாக வேண்டும். அதன் வெளித் தகட்டுக்கும் பெரிய வளையத்தின் பல்லுக்கும் 1 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கலாம். என் சைக்கிளில் அதன் பட்டியைச் சுற்றிய பழைய ஊத்தை கூடக் கலையவில்லை.

திரும்பி வந்து கடையில் காட்டினேன். "கொம்பனிக்குக் கொம்பனி பல்லு மாறும் தம்பி, உதுவும் கொம்பக்ட்தான்" என்றார். அப்படியென்றால் இதில் 34 மாட்டித் தாருங்கள் என்றேன். "அதுக்கென்ன, இப்ப எல்லாம் ஒரே அளவுதானே, வளையத்துக்கு மட்டும் காசைத் தாங்கோ" என்றார். இந்த இடத்தில்தான் பலர் இரண்டாம் தரம் ஏமாறுவார்கள், ஏனென்றால் அதில் பாதி உண்மை. சைக்கிள் பாகம் செய்யும் ஷிமானோவின் புதிய நான்கு கை (வளையங்களைத் தாங்கும் கைகள்) ரோட் கிராங்குகளில் போல்ட் வட்டம், அதாவது வளையத்தைப் பிடிக்கும் போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம், 110 மில்லிமீட்டர். அதில் 53/39, 52/36, 50/34 எல்லாம் ஏறும். எனக்குப் போட்டது ஐந்து கைப் பழசு, போல்ட் வட்டம் 130. அதில் உள்ளே 38 பல்லுக்குக் கீழே எந்த வளையமும் ஏறாது. 34 பல் வளையமே அந்த போல்ட் வட்டத்தைவிடச் சற்றுத்தான் பெரிது, துளை போட இடமே கிடையாது.

ஐந்து கைக் கிராங்கைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டம் போதும். பக்கத்துப் பக்கத்து இரண்டு போல்ட்டுகளின் நடுவுக்கு நடு அளவுங்கள். 64.7 மில்லிமீட்டர் அளவில் வந்தால் 110 வட்டம், 76.4 வந்தால் 130. ஒரு சென்ரிமீட்டருக்கு மேல் வித்தியாசம், கண் தவறாது.

ஏற்கெனவே 130 கிராங்க் மாட்டிக்கொண்டு மலைக்குப் போக நினைப்பவர்கள் பின்னால் 32 பல் தட்டு வரும் கசெட் (பின் சில்லின் பல் தட்டுத் தொகுதி) தேடலாம். 39/32 கிட்டத்தட்ட 34/28 தருகிற சுலபத்தைத் தரும். ஆனால் பழைய குட்டைக் கூட்டுப் பின் டெரெய்லர்கள் (செயினை இழுத்துப் பிடிக்கும் கூடு குட்டையானவை) பல 27, 28க்கு மேல் தாங்காது, நீளக் கூட்டு தேவைப்படும். அதற்கும் செலவு.

கடைக்காரர் கடைசியில் பாதிக் காசு தருவதாகச் சொன்னார். நான் வாங்கவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு பில், ராவிய வளையத்தின் படம் இரண்டையும் இணைத்து எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும், அதனால் கடையோடு கதைத்துக் கதைத்து நாளைக் கடத்தாதீர்கள். விபரம் கேட்க 1977க்கு அழைக்கலாம். முறைப்பாடு முடியும்வரை கடையின் பெயரை இங்கே போடப் போவதில்லை, உள்பெட்டியில் கேட்கவும் வேண்டாம்.