50 கிராம் சன்ஸ்கிறீன் எத்தனை நாளுக்கு வரும்? தோல் சுருக்கத்துக்கு எதிரான மலிவு வழிகள், ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்துத் தீவகப் பாடசாலை ஒன்றில் பதினொரு ஆண்டுகள் படிப்பித்த காலத்தில், பண்ணைப் பாலத்தைக் காலையில் ஒரு தரமும் பாடசாலை விட்டு இரண்டு மணி வெயிலில் ஒரு தரமும் ஸ்கூட்டியில் கடந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது. இப்போது எனக்கு 53 வயது. இரவில் மணிக்கூட்டைக் கழற்றினால், பட்டி இருந்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தோல் வழுவழுப்பாக, நிறமும் மாறாமல் இருக்கிறது. அதற்கு மேலும் கீழும் காய்ந்த ஒடியலைப்போல வரிவரியாகக் கிடக்கிறது. ஒரே கை, ஒரே வயது, ஒரே சாப்பாடு. வித்தியாசம் வெயில் மட்டும்தான் என்பதை அந்தப் பட்டி எனக்குக் காட்டியது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, சுருக்கத்துக்கு எதைப் பூசுவது என்ற தேடலை அதன் பிறகுதான் தொடங்கினேன்.

ஆசிரியச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகக்கூடிய வழிகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். வீட்டு மருந்துகள், ஈரப்பதக் கிறீம்கள், ‘வயது குறைக்கும்’ கிறீம்களும் சீரங்களும், ட்ரெட்டினோயின் என்ற மருந்துக் கிறீம், சன்ஸ்கிறீன் ஆகியவை அவை. நான் கடைசியில் தேர்ந்தது சன்ஸ்கிறீனை. ஆகவே அதைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டு மருந்துகளை விரைவாகக் கடந்துவிடலாம். பயற்றம்மா தோலைத் துப்புரவாக்கும். கற்றாழை எரிவை ஆற்றும். தேங்காய் எண்ணெய் ஈரம் போகாமல் காக்கும். இவை நல்ல வேலைகளே, ஆனால் சுருக்கத்தைத் தடுக்கும் வேலை இவற்றில் ஒன்றுக்கும் இல்லை. எண்ணெய் பூசிக்கொண்டு வெயிலில் இறங்குவது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அது போதிய பாதுகாப்பே அல்ல. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலுக்குப் போகக் கூடாது. தேசிக்காயில் உள்ள சில இரசாயனங்கள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். கொப்புளம் ஆறினாலும் கருமை மாதக்கணக்கில் நிற்கும்.

ஈரப்பதக் கிறீம்களைப் பற்றி நான் முன்பு மதிப்புக் குறைவாக நினைத்திருந்தேன், அது பிழை. வறட்சியால் தோன்றும் மெல்லிய கோடுகள், குறிப்பாகக் கண்ணோரத்துக் கோடுகள், கிளிசரின் கலந்த சாதாரணக் கிறீமாலோ குளித்த ஈரத்தோடு பூசும் பெற்றோலியம் ஜெலியாலோ ஓரிரு நாட்களில் மங்கிவிடும். விலையும் சொற்பம். விலைகூடிய கிறீம்கள் ‘ஒரே வாரத்தில் மாற்றம்’ என்று காட்டுவதில் பெரும்பகுதி இந்த ஈரப்பதத்தின் வேலைதான். ஆழமான சுருக்கத்தை இது தொடாது. ஆனால் அருகிலுள்ள பாமசியிலேயே கிடைப்பதை விட்டுவிட்டு அதே பலனுக்குப் பத்து மடங்கு கொடுக்கத் தேவையில்லை.

சீரங்களில் எனக்குக் கிடைத்த அனுபவம் ஒன்றுதான். கனடாவில் இருக்கும் தங்கை வைற்றமின் சி சீரம் ஒரு போத்தல் அனுப்பியிருந்தாள். திறந்தபோது தண்ணீர் நிறம். ஆறாவது வாரத்தில் தேயிலைச் சாயத்தின் நிறம். வைற்றமின் சி ஆகிய அஸ்கோர்பிக் அமிலம் காற்றாலும் வெளிச்சத்தாலும் சூட்டாலும் கெட்டுவிடும் பொருள். சித்திரை வெயிலில் கொதிக்கும் ஓட்டு வீட்டு அலுமாரியில் அதை வைத்தது என் பிழையாக இருக்கலாம். ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் இடம் ஒதுக்கி, இருண்ட போத்தலில் வைத்து, இரண்டு மாதங்களுக்குள் முடித்தாக வேண்டிய பொருளை மலிவு வழி என்று என்னால் சொல்ல முடியாது.

வெண்மையாக்கும் கிறீம்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. பெயரும் உள்ளடக்கமும் சரியாக எழுதப்படாத சின்னப் பெட்டிகளில் வருபவற்றில் பாதரசமோ வீரியமான ஸ்டீரொயிட்டோ கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஸ்டீரொயிட் முதலில் முகத்தைப் பளபளப்பாக்கும். தொடர்ந்து பூசினால் தோலை மெலிதாக்கி, நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரிய வைத்து, நாம் தவிர்க்க நினைத்த முதுமையைச் சீக்கிரம் கொண்டுவரும். பாதரசம் சிறுநீரகத்தையே பாதிக்கும்.

எஞ்சி நிற்பவை ட்ரெட்டினோயினும் சன்ஸ்கிறீனும். உண்மையான போட்டி இவை இரண்டுக்கும் இடையில்தான்.

ட்ரெட்டினோயின் வைற்றமின் ஏயிலிருந்து வரும் மருந்து. முதலில் முகப்பருவுக்காகக் கொடுக்கப்பட்டது. அதைப் பூசிய வயதான பெண்களின் தோல் மென்மையாவதைக் கவனித்த பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத் தோல் வைத்தியர் அல்பேட் கிளிக்மன் 1986 இல் அதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். 1995 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெயிலால் வந்த மெல்லிய சுருக்கங்களுக்கான மருந்தாக அதை ஏற்றுக்கொண்டது. ஏற்கெனவே விழுந்த மெல்லிய சுருக்கத்தை ஓரளவுக்குக் குறைக்கக்கூடியது என்று இந்த ஐந்தில் துணிந்து சொல்லத்தக்கது இது ஒன்றே. கடைகளில் கிடைக்கும் ரெட்டினோல் இதே குடும்பம்தான். ஆனால் தோலுக்குள் போய் இரண்டு படி மாறிய பின்னரே அது வேலை செய்யும் என்பதால் வலுக் குறைந்தது, ஆனால் பெரும்பாலும் விலை கூடியது.

செலவுக் கணக்கில் ட்ரெட்டினோயின் வியப்புத் தரும். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். அது கால் கிராம் அளவில் வரும் என்று வைத்தால், 20 கிராம் ரியூப் எண்பது இரவுகளுக்கு வரும். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகளே பூசும் தொடக்க மாதங்களில் ஆறு மாதங்களையும் தாண்டும்.

ஆனால் இதற்கு வைத்தியரின் மருந்துத் துண்டு வேண்டும். முதல் வாரங்களில் தோல் சிவந்து உரியும். எனக்கு வாயோரத்தில் எரிந்து, மிளகாய்த் தூள் பட்ட கையால் முகத்தைத் தொட்டதுபோல இருந்தது. கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இதைத் தொடக் கூடாது. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் பிடிக்கும். நான் 0.025 வீதக் கிறீமை ஐந்து மாதங்கள் மட்டுமே பூசியிருக்கிறேன், அதுவும் இடைவிட்டு. நெற்றியின் கோடு சற்று மெலிந்ததாகக் கண்ணாடி சொல்கிறது. ஐந்து மாத அனுபவத்தை வைத்துக்கொண்டு அதற்கு மேல் ஒன்றும் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ட்ரெட்டினோயின் பூசும் தோலில் வெயில் எளிதாக உறைக்கும். ஆகவே அதைத் தேர்பவர் சன்ஸ்கிறீனையும் தேர்ந்தே ஆக வேண்டும். சன்ஸ்கிறீனைத் தேர்பவருக்கு ட்ரெட்டினோயின் கட்டாயமில்லை. கையில் ஒன்றுக்கு மட்டும் காசு இருந்தால் எதை வாங்குவது என்ற கேள்விக்கு எனக்கு இதுவே விடையாயிற்று.

சன்ஸ்கிறீனின் பக்கம் நிற்கும் சான்றும் உறுதியானது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2013 இல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் பூசும்படி சொல்லப்பட்டவர்களின் தோல், தாங்கள் நினைத்தபோது பூசியவர்களின் தோலைவிட 24 வீதம் குறைவாக முதிர்ந்திருந்தது. அவர்கள் அளந்தது முகத்தை அல்ல, இடது புறங்கைத் தோலின் வரிகள் பதிய எடுத்த வார்ப்பை. அதை வாசித்தபோது என் மணிக்கூட்டுப் பட்டிதான் நினைவுக்கு வந்தது. பங்குபற்றியவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர் என்பதையும் சொல்ல வேண்டும். நமது தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி இயற்கையாகவே ஒரு காப்பு. நமக்குச் சுருக்கம் பிந்தித்தான் வரும், அதற்கு முன்பே கன்னத்திலும் நெற்றியிலும் கருமைத் திட்டுகள் வரும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதால் மருந்தும் மாறுவதில்லை. பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு: மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலை இறுக்கமாக வைத்திருக்கும் புரதமான கொலாஜனில் ஏறத்தாழ 30 வீதம் குறைந்துவிடும். இருக்கும் கையிருப்பை வெயிலுக்கும் கொடுக்காமல் காப்பது அந்த வயதில் பெரிய காரியம்.

வாங்கும்போது எஸ்.பி.எஃப் என்ற வெயில் காப்பு எண்ணோடு நின்றுவிடக் கூடாது. அந்த எண் தோலைச் சுடும் யூ.வி.பி கதிருக்கான கணக்கு. 30 என்பது அதில் 97 வீதத்தையும் 50 என்பது 98 வீதத்தையும் தடுக்கும், வித்தியாசம் அவ்வளவே. தோலின் ஆழத்துக்குப் போய்க் கொலாஜனைக் கெடுப்பதில் பெரும்பங்கு யூ.வி.ஏ கதிருக்கு. அது கண்ணாடியையும் ஊடுருவும். 28 ஆண்டுகள் லொறி ஓட்டிய 69 வயதுச் சாரதி ஒருவரின் படம் 2012 இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. யன்னல் பக்கத்து இடது கன்னம் மட்டும் ஆழமாகச் சுருங்கியிருந்தது. பஸ்ஸில் யன்னலோரம் இருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஆகவே இரண்டு கதிரையும் தடுக்கும் என்று பொருள்படும் ‘புறோட் ஸ்பெக்ட்ரம்’ என்றோ, யூ.வி.ஏ காப்பைக் காட்டும் பி.ஏ என்பதற்குப் பக்கத்தில் மூன்று நான்கு கூட்டல் குறிகளோ ரியூப்பில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இனி, முடிவைத் தீர்மானித்த விடயத்துக்கு வருகிறேன். சன்ஸ்கிறீன் வாங்கும் பலர் அதன் பலனை வாங்குவதில்லை. ஏனெனில் போதிய அளவு பூசுவதில்லை. ஆய்வுகூடத்தில் எஸ்.பி.எஃப் அளக்கப்படுவது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில். வளர்ந்த ஒருவரின் முகத்துக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் வேண்டும். கழுத்தையும் காதையும் சேர்த்தால் இரண்டு கிராமை நெருங்கும். நடைமுறையில், சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை இழுத்த இரண்டு கோடுகள். பாதியளவு பூசினால் பாதுகாப்பும் பாதியாகவோ அதற்குக் கீழாகவோ இறங்கிவிடும்.

முதல் ரியூப்பை நான் நான்கு மாதங்கள் வைத்திருந்தேன். விலை கூடியது என்பதால் ட்ரெட்டினோயினைப்போலப் பட்டாணி அளவில் பூசினேன். ‘சிக்கனமாக வருகிறதே’ என்று மகிழ்ந்தேன். பிறகு கணக்குப் போட்டேன். 50 கிராம், நாளொன்றுக்கு இரண்டு கிராம் என்றால் 25 நாட்களில் முடிந்திருக்க வேண்டும். நான்கு மாதங்களுக்கு வந்தது என்றால் நான் பூசியது வேண்டியதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அன்றிலிருந்து ஒவ்வொரு ரியூப்பின் அடியிலும் திறந்த திகதியைப் பேனையால் எழுதிவைக்கிறேன். ஒரு மாதம் தாண்டியும் தீரவில்லை என்றால் நான் குறைத்துப் பூசியிருக்கிறேன் என்று பொருள்.

இப்படிப் பார்த்தால் கடையில் கேட்க வேண்டிய விலை ரியூப்பின் விலை அல்ல, கிராமின் விலை. கணக்குக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். 50 கிராம் முகச் சன்ஸ்கிறீன் 2,000 ரூபா என்றால் கிராம் 40 ரூபா, மாதத்துக்கு வேண்டிய 60 கிராமின் செலவு 2,400 ரூபா. அதே தட்டில் இருக்கும் 150 கிராம் உடல் லோஷன் 3,600 ரூபா என்றால் கிராம் 24 ரூபா, மாதச் செலவு 1,440 ரூபா. ‘முகத்துக்கு’ என்று எழுதியிருப்பதற்காக மாதம் 960 ரூபா கூடுதலாகக் கொடுக்கிறோம். முகத்தில் பரு கிளப்பவோ கண் எரியவோ செய்யாவிட்டால், அதே எஸ்.பி.எஃப்பும் யூ.வி.ஏ காப்பும் உள்ள பெரிய போத்தல் அதே காவலைத் தரும். தயங்காமல் அள்ளிப் பூச முடிகிற மலிவான சன்ஸ்கிறீன், எண்ணி எண்ணித் தொட வேண்டிய விலைகூடிய சன்ஸ்கிறீனைவிட மேலானது. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதிப் பொருட்களின் விலை எகிறியபோது பலர் பூசுவதையே விட்டார்கள். கிராம் கணக்கு தெரிந்திருந்தால் சிலராவது தொடர்ந்திருக்கலாம்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. நமது புழுக்கத்தில் சில வகைகள் அரை மணித்தியாலத்தில் வழிந்துவிடும். என்னோடு படிப்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர், “அக்கா, உதைப் பூசினால் முகம் சாம்பல் பூசின மாதிரியெல்லோ கிடக்குது” என்றார். சிங்க் ஒக்சைட், ரைட்டானியம் டையொக்சைட் உள்ளவை நமது நிறத்தில் அப்படித்தான் வெளிறித் தெரியும். நிறம் சேர்த்தவற்றில் அந்தக் குறை இல்லை. அவற்றிலுள்ள இரும்பு ஒக்சைட் கருமைத் திட்டுக்குக் காரணமான கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். வெளியில் நிற்பவர்கள் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும் என்பது விதி. வகுப்பறைக்குள் இருக்கும் நான் காலையில் ஒரு தரமும் வீடு திரும்பப் புறப்படுமுன் ஒரு தரமும் பூசுகிறேன். இரண்டாவது தரம் முகத்துக்கும் புறங்கைக்கும் மட்டும். அதற்கும் சேர்த்தால் மேலே சொன்ன செலவு கூடும்.

அந்தச் செலவைக் குறைக்கும் வழி அம்மாவிடம் இருந்தது. 78 வயதிலும் குடை இல்லாமல் படலையைத் தாண்ட மாட்டார். நல்லூர்த் திருவிழா நாட்களில் வெள்ளை மணலில் நடக்கும்போது மேலே குடை பிடித்தாலும் கீழிருந்து கதிர் எதிரொளித்து முகத்தில் படும் என்பது உண்மை; குடை முழுக் காவல் அல்ல. ஆனாலும் தடித்த கறுப்புக் குடையும் முழுக்கைச் சட்டையும் ஒருமுறை வாங்கினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். துணி மூடிய இடத்துக்குக் கிறீம் தேவையில்லை. ஸ்கூட்டியில் குடை பிடிக்க முடியாது என்பதால் நான் பருத்திக் கையுறை போடுகிறேன். புறங்கைக்குப் போகும் கிறீம் அந்தளவுக்கு மிச்சம்.

சென்ற மாதம் அக்காவின் மகள் இதே கேள்வியோடு வந்தாள். அவள் நான்கு மாதக் கர்ப்பிணி. கன்னத்தில் கருமை படரத் தொடங்கியிருந்தது. ட்ரெட்டினோயினையும் ரெட்டினோலையும் பற்றிப் பேச்சே எடுக்காமல், நிறம் சேர்த்த சிங்க் ஒக்சைட் சன்ஸ்கிறீனைத் தன் வைத்தியரிடம் காட்டிக் கேட்டபின் பூசும்படி சொல்லி, விரலில் இரண்டு கோடுகள் இழுத்துக் காட்டினேன். “இவ்வளவோ சித்தி?” என்று கேட்டாள். இவ்வளவும்தான் என்றேன், ரியூப்பின் அடியில் அன்றைய திகதியை எழுதிக் கையில் கொடுத்தேன்.