நிக்ஸி கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன்: "கேஸ் இறங்கிடுச்சு" என்று சொல்பவரிடம் ஜாக்கிரதை

வீட்டில் பழைய நிக்ஸி குழாய்க் கடிகாரம் இருக்கிறதா, அதை யாரிடமாவது சரிபார்க்கக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறீர்களா, அப்படியென்றால் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எனக்குப் போனது 14,500 ரூபாய். அதோடு, இன்று காசு கொடுத்தாலும் சுலபத்தில் கிடைக்காத ஆறு குழாய்கள். ஆளின் பெயர், ஊர் எதுவும் இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. "பழைய எலக்ட்ரானிக்ஸ் பொருள்களுக்குப் புத்துயிர்" என்று இணையத்தில் அழகழகாகப் படம் போடுபவர், பேச்சில் தேன் ஒழுகும், அவ்வளவு சொன்னால் போதும்.

கடிகாரம் என் பெரியப்பாவுடையது. 1973-ல் சிகாகோவில் படித்துக்கொண்டிருந்தபோது பாகங்களாக வாங்கித் தன் கையாலேயே சால்டர் வைத்துச் செய்தது. மணிக்கு இரண்டு, நிமிடத்துக்கு இரண்டு, விநாடிக்கு இரண்டு என்று ஆறு குழாய். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கண்ணாடிக் குழாய்க்குள் 0 முதல் 9 வரை மெல்லிய உலோகத்தில் வெட்டிய எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும், உள்ளே நியான் வாயு. 170 வோல்ட் அளவில் மின்சாரம் கொடுத்தால், எந்த எண்ணுக்கு இணைப்புப் போகிறதோ அதை ஒட்டி மட்டும் வாயு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். பல்பில் இருக்கிற மாதிரி இழை எல்லாம் கிடையாது. 1950-களின் நடுவில் அமெரிக்காவின் பரோஸ் கம்பெனி இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, எழுபதுகளில் எல்இடி வந்ததும் மெல்ல ஓய்ந்துபோனது. பெரியப்பா கடிகாரத்தில் இருந்தவை அந்தப் பரோஸ் குழாய்கள்தான்.

கோளாறு இதுதான். ஆறு குழாயும் மங்கலாக எரிந்தன, ஒரே நேரத்தில் படபடவென்று துடித்தன. அந்த ஆள் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். பார்த்த கையோடு பதில் வந்தது: "சார், எல்லா ட்யூப்லயும் கேஸ் இறங்கிடுச்சு. ஆறையும் மாத்தணும். ஒண்ணு ரெண்டுல நீலமா தெரியுது பாருங்க, அது லீக்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் ஏமாற்றின் அஸ்திவாரமே இந்த வாக்கியம்தான். நிக்ஸி குழாய் என்ன ஏசி மெஷினா, கேஸ் இறங்குவதற்கும் ஏற்றுவதற்கும்? உருக்கி மூடிய கண்ணாடி அது. விரிசல் விட்டால் காற்று உள்ளே போகும், அந்தக் குழாய் எரியாது, அல்லது எண்ணே தெரியாமல் ஊதா நிறத்தில் என்னவோ ஒரு மூட்டம் வரும். எண் முழு வடிவத்தோடு ஆரஞ்சாக எரிகிறது என்றால் வாயு உள்ளேதான் இருக்கிறது. நீலச் சாயலும் லீக் கிடையாது. குழாயின் ஆயுளைக் கூட்டுவதற்காகப் பிற்காலக் குழாய்களில் கம்பெனிக்காரர்களே கொஞ்சம் பாதரசம் சேர்த்தார்கள், அந்த ஆவிதான் எண்ணைச் சுற்றி லேசான நீலமாகத் தெரியும். அது நல்ல குழாய்க்கு அடையாளம்.

அப்புறம் இன்னொன்று. ஆறும் சேர்ந்தாற்போல் மங்குகிறது, சேர்ந்தாற்போல் துடிக்கிறது என்றால், ஆறுக்கும் பொதுவான ஒன்றில்தான் கோளாறு இருக்க முடியும். உயர் வோல்டேஜ் சப்ளையில் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கெபாசிட்டர் ஐம்பது வருடத்தில் உள்ளுக்குள் காய்ந்துபோயிருக்கும், அவ்வளவுதான். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அதன் விலை ஒரு காபி, இரண்டு வடை.

சரி, கடிகாரம் திரும்பி வந்தது. பிரித்து மாட்டியதும் பளிச்சென்று எரிந்தது, முதலில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். பில்லில் "ஒரிஜினல் ட்யூப் 6, ஒரிஜினல் டெக்சாஸ் ஐசி 6, பவர் சப்ளை, சர்வீஸ்" என்று எழுதியிருந்தது. பில் என்றால் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு துண்டு, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, கையெழுத்தும் இல்லை. பணத்தை ஏற்கெனவே யுபிஐ-யில் வாங்கிவிட்டார்.

மதியம் 12 மணிக்குச் சரியாக வைத்தால் மாலை 6 மணிக்கு அது 5 என்று காட்டியது. மணிக்குப் பத்து நிமிடம், கறாராகப் பத்து நிமிடம் பின்தங்கியது. போன் போட்டுக் கேட்டேன். "உங்க ஏரியால வோல்டேஜ் லோ சார், ஸ்டெபிலைசர் போடுங்க" என்றார். இந்த வகைக் கடிகாரம் நேரத்தை வோல்டேஜை வைத்துக் கணக்கிடுவதே இல்லை. வீட்டு மின்சாரம் விநாடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணித்தான் விநாடியைத் தீர்மானிக்கும். அமெரிக்காவில் 60 சுற்று, நம் ஊரில் 50. அறுபது எண்ணினால் ஒரு விநாடி என்று இருக்கும் கடிகாரத்தை ஐம்பது சுற்று மின்சாரத்தில் மாட்டினால் மணிக்குப் பத்து நிமிடம் போகும், பள்ளிக்கூடக் கணக்கு. ஆனால் இதே கடிகாரம் எங்கள் வீட்டில் நாற்பது வருடத்துக்கு மேல் சரியாக ஓடியதே, அது எப்படி?

எங்கள் குடியிருப்பில் கருவிகள் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் மாமா. அவரிடம் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார். பெரியப்பா ஊருக்குத் திரும்பியதும் மின்சாரச் சுற்றுகளை எண்ணி வகுக்கும் 7492 என்ற ஐசியின் இரண்டு வெளியீட்டுக் கால்களை, எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குத் திருப்பும் அதன் ரீசெட் கால்களோடு இரண்டு துண்டு ஒயரால் இணைத்து, ஆறால் வகுப்பதை ஐந்தால் வகுக்க வைத்திருக்கிறார். அறுபதுக் கடிகாரம் ஐம்பதுக் கடிகாரம் ஆகிவிட்டது. போர்டில் அந்த ஒயர்கள் இருந்த இடத்தில் பழைய சால்டர் தடம் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. நம் "புத்துயிர்" ஆசாமி, என்ன ஏது என்று தெரியாமல், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று நினைத்து அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ரீசெட் கால்களைக் கிரவுண்டில் சேர்த்துச் "சுத்தம்" செய்துவிட்டார். "தம்பி, இவனுக்கு இது கடிகாரம்னே தெரியலை, காட்சிப் பொருள்னு நெனச்சுட்டான்" என்றார் மாமா.

குழாய் விஷயத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான். விநாடி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அஞ்சைப் பாரு" என்றார். பார்த்தேன். அந்த 5, தலைகீழாகத் திருப்பிய 2. மேலே வளைவு இல்லாமல் கோடு, கீழே 2-இன் தலை அப்படியே கவிழ்ந்து கிடக்கிறது. சோவியத் தொழிற்சாலைகளில் செய்த ஐஎன்-14, ஐஎன்-12 குழாய்களில் 5-க்கென்று தனியாக அச்சு போடாமல் 2-ஐயே கவிழ்த்து வைத்திருப்பார்கள். பரோஸ் குழாயில் 5 என்றால் முறையான 5. நான் அந்த ரிப்பேர் ஆளுக்கு அனுப்பிய வீடியோ என் போனிலேயே இருந்தது, அவரே கேட்டு வாங்கியதுதான். அதில் மங்கலாகத் துடித்தாலும் நல்ல 5. குழாயின் பக்கவாட்டில் இருந்த ரஷ்ய எழுத்தை எதையோ வைத்துத் துடைத்திருக்கிறார், இரண்டு குழாயில் மட்டும் சாய்த்துப் பார்த்தால் தடம் தெரிகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும், ஐஎன்-14 மோசமான குழாய் இல்லை. இன்று புதிதாகக் கடிகாரம் செய்பவர்கள் பலர் அதைத்தான் போடுகிறார்கள். ஐசி விஷயமும் அதே கதை. குழாயில் எந்த எண் எரிய வேண்டும் என்று இணைப்புக் கொடுக்கும் 74141 ஐசிக்குப் பதில் அதற்குச் சமமான சோவியத் கே155ஐடி1 போட்டிருக்கிறார், காலுக்குக் கால் பொருந்தும், நன்றாகவே வேலை செய்யும், அதில் குறை சொல்ல முடியாது. "ஒரிஜினல்" என்று காசு வாங்கிக்கொண்டு, நல்ல நிலையில் இருந்ததை எடுத்து வைத்துக்கொண்டதுதான் திருட்டு.

அதைவிட மோசம், போட்ட குழாய்களும் ஓடித் தேய்ந்தவை. நிக்ஸியில் ஓர் எண் நெடுநாள் எரியாமலே கிடந்தால், மற்ற எண்களிலிருந்து தெறிக்கும் உலோகத் துகள் அதன்மேல் படிந்துவிடும், பிறகு எரியவிட்டால் பாதி எண்தான் தெரியும். இதை மறைக்க ஒரு வழி உண்டு, மின்னோட்டத்தைக் கூட்டிவிட்டால் போதும், கொஞ்ச நாளைக்குப் பளபளவென்று எரியும். பழைய டிரான்ஸ்பார்மரின் உயர் வோல்டேஜ் சுற்றைக் கழற்றிவிட்டு வோல்டேஜை ஏற்றித் தரும் ஒரு மலிவு பூஸ்டர் மாட்யூலைப் பசை வைத்து ஒட்டியிருந்தார். மீட்டர் வைத்தால் 215 வோல்ட். குழாய் எரியத் தொடங்கியதும் அதன் குறுக்கே ஏறக்குறைய 140 நிற்கும், மீதியை 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் தாங்க வேண்டும், கணக்குப் போட்டால் 3.4 மில்லி ஆம்பியர். பழைய 180 வோல்ட்டில் 1.8-தான் ஓடியிருக்கும். இப்படி ஓட்டினால் துகள் தெறிப்பது இன்னும் கூடும், குழாய் சீக்கிரம் சாகும், நாம் அவரிடமே மறுபடி போவோம். ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு செப்புக் கம்பித் துண்டு வேறு. உலோகப் பெட்டி, உள்ளே 215 வோல்ட், ஃபியூஸ் கிடையாது, இது எங்கள் கூடத்தில் குழந்தைகள் கை எட்டும் உயரத்தில் இருந்தது. பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

ரிப்பேர் ஆளிடம் கேட்டதற்கு, பழைய குழாய்களைக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். வீடியோவிலிருந்து 5-ஐ வெட்டி எடுத்து அனுப்பினேன், இரண்டு நீலக் குறி விழுந்தது, அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்திருக்கிறேன், யுபிஐ ரசீது, வீடியோ, பழைய படங்கள் எல்லாம் கொடுத்தாயிற்று.

நீங்கள் யாரிடம் கொடுத்தாலும், கொடுக்கும் முன் ஒவ்வொரு குழாயின் மேலிருக்கும் எழுத்தையும், ஒவ்வொரு ஐசியின் எண்ணையும் கிட்டத்தில் படமெடுத்து வையுங்கள். ஐசியில் 7248 என்கிற மாதிரி ஒரு நாலிலக்க எண் இருக்கும், 1972-ஆம் வருடம் 48-ஆவது வாரம் என்று அர்த்தம், அதுவும் படத்தில் வரட்டும். 0 முதல் 9 வரை எல்லா எண்ணும் எரிவதை வீடியோ எடுங்கள். பைக் மெக்கானிக்கிடம் கேட்போமே, அதுபோல் கழற்றிய பாகம் எல்லாம் கைக்குத் திரும்ப வர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள், அதற்குத் தயங்குபவரிடம் கொடுக்கவே வேண்டாம். ஒரு குழாய் மட்டும் மொத்தமாக எரியவில்லை என்றால் அதன் ரெசிஸ்டரையும் சால்டரையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஓர் எண் மட்டும் வரவில்லை என்றால் ஐசியின் அந்தக் கால். பாதி எண் தெரிந்தால் அந்த எண்ணை மட்டும் சற்றுக் கூடுதல் மின்னோட்டத்தில் தொடர்ந்து பல மணி நேரம் எரியவிட்டால் பெரும்பாலும் தேறிவிடும், மாற்றத் தேவையில்லை. விஷயம் தெரியாமல் நீங்களே மூடியைத் திறந்து கை வைக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், ஆளைத் தூக்கிப் போடும்.

மாமா பழைய டிரான்ஸ்பார்மர் சுற்றை மறுபடி இணைத்து, புது கெபாசிட்டரும் ஃபியூஸும் போட்டு, பெரியப்பாவின் இரண்டு ஒயர்களையும் அதே இடத்தில் வைத்துவிட்டார். நேரம் இப்போது சரியாக ஓடுகிறது, இந்தத் தேய்ந்த ரஷ்யக் குழாய்களோடு. பரோஸ் குழாய், பக்கவாட்டில் எண் தெரியும் வகை, காலுக்குப் பதில் ஒயர் நீட்டிக்கொண்டிருப்பது, ஆறு வேண்டும். யாரிடமாவது இருந்தால் தனிச் செய்தியில் விலை சொல்லுங்கள், 5 எரிகிற படத்தோடு.