திருகோணமலையில் ஒரு கொரோலாவுக்குப் பாட்டு செட் பூட்டிய அனுபவம்

மச்சானிடம் இருப்பது ஒரு டொயோட்டா கொரோலா 121. 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக்கான கார்கள் திரும்பவும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். அந்த இடைவெளியில் பலரைப் போல அவனும் இருக்கிற காரையே புதுசாக வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்துவிட்டான். எஞ்சின், பெயின்ற், சீற் எல்லாம் பளிச்சென்று இருந்தன. பாட்டு மட்டும் காதுக்கு ஒத்துவரவில்லை. நான் கனடாவிலிருந்து லீவில் போகும்போது அதைச் சேர்ந்து செய்வோம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

ஜப்பானில் இருந்து வந்த கார்களில் ஒரு பழைய தொல்லை உண்டு. அந்தக் கார்கள் செய்யப்பட்ட காலத்தில் அங்கே எஃப்.எம் 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 90 வரைதான் போனது. இலங்கையில் 88 முதல் 108 வரை. அதனால் காரோடு வந்த ரேடியோவில் நம்முடைய நிலையங்களில் பெரும்பாலானவை வரவே வராது. அதற்காக அன்ரெனா வயரில் ஒரு சின்னக் கன்வேட்டர் பூட்டி அலைவரிசையைக் கீழே இறக்கிக் கேட்பார்கள். மச்சானின் காரிலும் அதுதான் இருந்தது. நிலையம் பிடிபடும், கூடவே இரைச்சலும் வரும். ஆகவே டாஷ்போர்டில் இருக்கும் ரேடியோப் பெட்டியான ஹெட் யூனிட்டில் இருந்தே மாற்றம் தொடங்க வேண்டியிருந்தது.

அவனுக்குத் தெருவே அதிரும் சத்தம் தேவையில்லை. நாதஸ்வரம் கேட்கிறவன் அவன். தவிலின் வலந்தலை, அதாவது கூர்மையாக ஒலிக்கும் பக்கம், தெளிவாக விழ வேண்டும், மறுபக்கமான தொப்பியின் கனமும் தெரிய வேண்டும், அவ்வளவுதான் கேட்டான். உண்மையில் அது லேசான கேள்வி இல்லை. கதவில் இருந்த மெல்லிய கடதாசிக் கூம்பு ஸ்பீக்கரால் இரண்டில் ஒன்றைக்கூடச் சரியாகத் தர முடியாது.

முதலில் சாமான். ஹெட் யூனிட்டையும் ஒலியைப் பெருக்கும் நான்கு சனல் அம்பையும் (அம்ப்ளிஃபையர்) நான் பெட்டியில் கொண்டுபோனேன். மிச்சத்தை ஊரில் எடுக்கலாம் என்று டவுனில் ஒரு கடைக்குப் போனோம். அங்கே ஓர் அம்பைக் காட்டி 4000 வாட் என்றார்கள். பக்கத்தில் செருகியிருந்த பியூஸைப் பார்த்தால் 30 அம்பியர். கார் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டுக்குக் கிட்ட இருக்கும். இரண்டையும் பெருக்கினால் அந்தப் பெட்டிக்குள் போகக்கூடியதே 420 வாட்தான். உள்ளே போகாதது வெளியே எப்படி வரும்? அதே கடையில் செம்பு வயர் என்று தந்ததன் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தோம், உள்ளே வெள்ளையாக அலுமினியம். மேலே மட்டும் செம்புப் பூச்சு. அலுமினியம் அதே தடிப்பில் குறைவான மின்சாரத்தையே தாங்கும், உப்புக் காற்றில் பொருத்துமுனையும் கெதியாக அரிக்கும். திருகோணமலை மாதிரி மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊருக்கு அதைக் கொடுப்பது சரியில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. பற்றி எரியக்கூடிய சாமான் அல்லவா இது. பியூஸையும் வயரின் நுனியையும் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

வயர் கிடைத்தது நாங்கள் எதிர்பார்க்காத இடத்தில். படகு எஞ்சின் சாமான் விற்கும் கடையில் வெள்ளீயம் பூசிய முழுச் செம்பு வயர் இருந்தது. கடலுக்கென்றே செய்தது. விலை கொஞ்சம் கூட, ஆனால் இந்த ஊர்க் காருக்கு அதைவிட நல்லது இல்லை.

வேலைக்காரரைத் தேடியது ஓட்டோத் தரிப்பிடத்தில். செட் நன்றாகப் பாடுகிற ஓட்டோக்காரர்களிடம், பூட்டியது யார், மாரி மழைக்குப் பிறகும் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறதா என்று கேட்டோம். பலரும் சொன்னது ஒரே ஆள், கண்டி வீதிப் பக்கம் தகரக் கொட்டில் வைத்திருக்கும் ஒரு வயரிங் பாஸ், அதாவது கைதேர்ந்த தொழிலாளி. கிண்ணியாக்காரர், எல்லாருக்கும் நானா (அண்ணன்). 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதை எனும் மிதவைப் படகில் ஏறித்தான் டவுனுக்கு வேலைக்கு வந்துபோனாராம். கூலியை முதலே பேசிக்கொண்டோம். ரொறொன்ரோவில் ஒரு ஹெட் யூனிட் மாற்றக் கேட்கும் கூலிக்கு இங்கே காரின் முழு வயரிங்கும் முடிந்தது.

நானாவின் கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய ஸ்பீக்கரை டொயோட்டாக்காரர்கள் ரிவெட் அடித்துப் பொருத்தியிருந்தார்கள். அதைத் துளைத்து எடுத்தவர், விழுந்த இரும்புத் தூளைக் காந்தத்தால் ஒன்றுவிடாமல் பொறுக்கினார். கதவுக்குள் கிடந்தால் துருப்பிடிக்கும், ஸ்பீக்கர் காந்தத்திலும் போய் ஒட்டும் என்றார். கதவின் தகரம் அதிராமல் இருக்க ஒட்டுவதற்குத் தார்த் தகடு வேண்டாம், பியூட்டைல் ரப்பர் தகடுதான் வேண்டும் என்று அவராகவே சொன்னார். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வெயிலில் நின்ற காருக்குள் தார் இளகி மணக்கும். தகட்டை ஒட்டி உருளையால் அழுத்தி முடித்ததும் கதவைச் சாத்திப் பார்த்தோம். சத்தமே மாறியிருந்தது.

புது ஸ்பீக்கரை இணைக்குமுன் 1.5 வோல்ட் பற்றறி ஒன்றின் இரு முனையையும் வயரில் தொட்டுக் காட்டினார். கூம்பு வெளியே தள்ளினால் கூட்டல் பக்கம் சரி. ஒரு கதவில் மட்டும் மாறிப்போனால் இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒன்றையொன்று அடித்து, தவிலின் கனமே காணாமல் போகும். காரின் பற்றறியில் இருந்து வரும் வயரில் பியூஸை ஒன்றரை அடிக்குள் வைத்தார், அதற்கு மேல் ஓர் அங்குலமும் விடவில்லை. மின்வயர் ஒரு பக்கம், பாட்டு வயர் மறுபக்கம். எர்த் பிடிக்கிற இடத்தில் பெயின்ற்றைச் சுரண்டி வெறும் தகரத்தில் முறுக்கி, மேலே கிறீஸ் பூசினார். இந்த வேலையில் அவசரப்படுகிறவர்களின் காரில்தான் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஓர் ஊளைச் சத்தம் ஸ்பீக்கரில் ஏறும்.

அம்பின் கெயினை, அதாவது ஒலியை எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற அளவை, மட்டும் அவர் காதால் வைப்பவர். நான் மீற்றர் கணக்கைச் சொன்னேன். அம்பின் சனலுக்கான 75 வாட்டை ஸ்பீக்கரின் 4 ஓமால் பெருக்கினால் 300, அதன் வர்க்கமூலம் 17.3. சோதனை ஒலி ஓடும்போது அந்த வோல்ட்டைத் தாண்டவிடாமல் நிறுத்தினால் ஒலி பிசிறாது.

“இவ்வளவு காலமும் நான் காதால வச்சதும் கிட்டத்தட்ட இங்கதான் நிண்டிருக்கும் தம்பி, பாப்பம்” என்றார் நானா. வைத்துப் பார்த்தோம். மீற்றர் 16 சொன்னது. அந்தக் காதுக்கு நான் எழுந்து நின்று மரியாதை செய்வேன்.

கனத்த ஒலிக்கான பாஸ் பெட்டியின் கதை தனி. டிக்கி முழுவதையும் அடைக்கும் மரப்பெட்டி மச்சானுக்கு விருப்பமில்லை. திருக்கடலூர்ப் பக்கம் ஃபைபர் படகு பழுதுபார்க்கும் ஒருவரைக் கேட்டோம். அவர் இதற்கு முன் கார் வேலை செய்ததில்லை. டிக்கியின் இடது மூலையைப் பிளாஸ்ரிக் தாளால் மூடி, அதன்மேல் ரெசினும் ஃபைபர் பாயும் அடுக்கி அந்த வளைவுக்கே ஒரு கூடு எடுத்தார். 10 அங்குல ஸ்பீக்கருக்கு மூடிய பெட்டியென்றால் 20 லீற்றர் அளவு வேண்டும் என்றேன். காய்ந்த கூட்டுக்குள் லீற்றர் கணக்கில் தண்ணீரை ஊற்றி அளந்து, கூடுதலாக இருந்த இடத்தை வெட்டிக் குறைத்தார். படகில் ஒழுக்கு அடைக்கிறவர் செய்த பெட்டியில் காற்று ஒழுகவே இல்லை. ரெசின் மணம் போக மட்டும் டிக்கியைத் திறந்து வைத்திருக்க வேண்டியிருந்தது.

கடைசியாக, இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒரே நேரத்தில் காதுக்கு வரும்படி நேரம் சரிப்படுத்தினோம். இங்கே ஓட்டுநர் வலப்பக்கம். வலக் கதவு ஸ்பீக்கர் காதில் இருந்து 90 சென்ரிமீற்றர், இடது 140. சத்தம் ஒரு மில்லிசெக்கனில் 34 சென்ரிமீற்றர் போகும். ஆகவே வலது பக்கத்தை ஒன்றரை மில்லிசெக்கன் அளவு தாமதிக்க வைத்தோம். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியைக் கதவில் இருந்து எடுத்துப் பெட்டிக்குக் கொடுத்தோம். நிலாவெளி வீதியில் ஓடிப் பார்த்தபோது நாதஸ்வரம் முன்கண்ணாடிக்கு நடுவே இருந்து ஒலிப்பதுபோல் நின்றது, தவில் அதற்குச் சற்றுப் பின்னால். மச்சான் உப்புவெளி தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பின் இலக்கத்தகடு மட்டும் கிணுகிணுத்தது. குஷன் வேலை செய்யும் கடையில் ஒரு துண்டு ஃபெல்ற் வாங்கி அதன் பின்னால் வைத்ததும் நின்றுவிட்டது.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் வேலை நிற்கும், அன்றைக்கு முடித்துத் தருவார் என்று கணக்குப் போடாதீர்கள். கடையில் வாங்கும் சாமானுக்கு வாய்வார்த்தை போதாது, பில்லில் மொடல் இலக்கத்தை எழுதிக் கேளுங்கள். முகம் சுளித்தாலும் எழுதித் தருகிறார்கள்.

பின்கதவு ஸ்பீக்கர்களையும் மாற்றலாமா என்று மச்சான் நானாவைக் கேட்டான். “முன்னுக்கு ரெண்டு பேர்தானே இருக்கிற நீங்க, அந்தக் காசுக்கு நல்ல பற்றறி போடுங்க” என்று அனுப்பிவிட்டார். பற்றறி போட்டாயிற்று.