ரகசியச் சங்கக் கட்டடத்தில் ஆடம்பர ஹோட்டல்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவில் ஃப்ரீமேசன், எல்க்ஸ், ஆட்ஃபெல்லோஸ் போன்ற, உறுப்பினர்கள் மட்டும் கூடிச் சடங்கு நடத்தும் சகோதரச் சங்கங்களின் பழைய கட்டடங்களை ஆடம்பர ஹோட்டலாக மாற்றி, "ரகசியச் சங்கத்தின் வீட்டில் ஒரு இரவு" என்று விற்கிறார்கள். படங்கள் அசத்தலாக இருக்கும். அந்தப் படங்களைப் பார்த்து அறை எடுக்கப் போகிறவர்களுக்காக இந்தப் பதிவு. ஒரு ஹோட்டலில் நடந்ததைத்தான் கீழே சொல்லியிருக்கிறோம். பெயரைப் போடவில்லை. இந்த முறையில் விற்பது அந்த ஒரு இடம் மட்டுமல்ல, முறையைத் தெரிந்துகொண்டால் எங்கேயும் தப்பிக்கலாம்.

ஹோட்டலின் பக்கத்தில் முதல் படமே சடங்குக் கூடம்: நீல விதானத்தில் பொன் நட்சத்திரங்கள், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை, கிழக்குக் கோடியில் படிகளுக்கு மேலே தலைவரின் நாற்காலி. "விருந்தினர்கள் மாலையில் கூடத்தில் அமரலாம்" என்று கீழே வாசகம். எடுத்தது வெள்ளி, சனி இரண்டு இரவுகள், "ஹெரிடேஜ் கிங்" என்ற வகை அறை. போய்ச் சேர்ந்தால் கூடத்தின் கதவு பூட்டியிருக்கிறது. இரண்டு நாளும் கல்யாண வரவேற்புக்கு வாடகைக்குப் போய்விட்டது. கொடுத்த அறையோ பழைய கட்டடத்திலேயே இல்லை. பின்பக்கம் புதிதாக எழுப்பிய இணைப்புக் கட்டடத்தில், வேறு எந்தச் சங்கிலி ஹோட்டலிலும் கிடைக்கிற அதே அறை. கவராயமும் மூலைமட்டமும் சேர்ந்த ஃப்ரீமேசன் சின்னம் அச்சடித்த நடைபாதைக் கம்பளம், சாவி அட்டையைப் போட்டுக் கொடுக்கும் "உறுப்பினர் அட்டை" உறை, இவ்வளவுதான் ரகசியச் சங்கம். கேட்டதற்கு வரவேற்பில் வந்த பதில்: கூடம் "இருப்பைப் பொறுத்தது", அதாவது காலியாக இருந்தால்தான். அந்த வரி விதிமுறைப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் பணம் வாங்கும்போதே அந்த இரண்டு நாளும் கூடம் காலி இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு யாரும் முந்தின நாள் வந்து கூடம் பிடிப்பதில்லை.

பில்லைப் பாருங்கள். விளம்பரத்தில் ஒரு இரவுக்கு 319 டாலர். கடைசிப் பக்கத்தில் "டெஸ்டினேஷன் ஃபீ" என்ற கட்டாயக் கட்டணமாக இரவுக்கு 39 ஏறியது. ஆக இரண்டு இரவுக்கு 716. அதன் மேல் 15 சதவீத வரி 107.40. காரை நிறுத்த ஊழியரிடம் ஒப்படைக்கும் வசதி மட்டுமே உண்டு, இரவுக்கு 56 வீதம் 112. கூடத்தைச் சுற்றிப் பார்க்க ஞாயிறு காலை ஆளுக்கு 30, இருவருக்கு 60. மொத்தம் 995.40. 638 என்று நினைத்துப் போனவர்கள் ஆயிரம் டாலருக்குச் சற்றே குறைவாகக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்த 39 டாலருக்கு என்ன கிடைத்தது என்றால் இணையம், இரண்டு தண்ணீர்ப் பாட்டில், "கூடத்துக்கு நுழைவுரிமை". தங்கிய இரண்டு மாலையும் நுழைய முடியாத கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள். இதைத்தான் ஏமாற்று என்கிறோம்.

இது ஏன் இப்படி ஆகிறது என்பதற்குக் கட்டடத்திலேயே காரணம் இருக்கிறது. தேசிய வரலாற்று இடப் பதிவேட்டில் உள்ள கட்டடத்தை வருமானம் தரும் சொத்தாக முறைப்படி புதுப்பித்தால், தகுதியான செலவில் 20 சதவீதத்தை மத்திய அரசு வரிச் சலுகையாகத் தருகிறது. பதிலுக்குக் கட்டடத்தின் தனித்தன்மையான இடங்களைக் கெடுக்கக் கூடாது. சடங்குக் கூடத்தைத் தடுப்புச் சுவர் போட்டு அறைகளாகப் பிரித்தால் சலுகைக்கே ஆபத்து. இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும் அந்தக் கூடம் அப்படியே இருந்தாக வேண்டும். அதில் கட்டில் போட முடியாது. அதைச் சம்பாதிக்க வைக்க முக்கிய வழி நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடுவது. ஆகவே வார இறுதியில் கூடம் காலியாக இருப்பது அபூர்வம். தங்குகிறவர்களுக்கு மிஞ்சுவது ஓரத்து அலுவலக அறைகள், இல்லையென்றால் புதிதாகச் சேர்த்த கட்டடம்.

கூடுதல் கட்டடம் இருப்பதே தப்பு என்று சொல்லவில்லை. சிகாகோவில் ஷ்ரைனர்கள் என்ற ஃப்ரீமேசன் சார்புச் சங்கத்தார் 1929-ல் மெடினா அத்லெட்டிக் கிளப்பாகத் திறந்த கட்டடம் இன்று ஹோட்டல். அதற்குப் பக்கத்தில் பின்னாளில் எழுந்த கோபுரமும் அதே ஹோட்டலைச் சேர்ந்ததுதான். இதுபோன்ற இடங்களில் எந்தக் கோபுரத்தில் அறை என்பதைப் பார்த்து எடுக்க வேண்டியது நம் வேலை, அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியது அவர்கள் வேலை. "ஹெரிடேஜ்", "கலெக்டர்ஸ்", "கிராண்ட் மாஸ்டர்" போன்ற வகைப் பெயர்களை நம்பாதீர்கள். அவை அலங்காரத்தின் பெயர்கள், இடத்தின் பெயர்கள் அல்ல.

பழைய பகுதியிலேயே அறை கிடைத்தாலும் இரண்டு தொல்லைகள் உண்டு. முதலாவது ஜன்னல். சடங்கை வெளியாள் பார்க்கக் கூடாது என்பதற்காகவே பல கூடங்களைச் சுற்றி ஜன்னல் வைக்காமலோ மிக உயரத்தில் வைத்தோ கட்டினார்கள். அந்தப் பகுதியில் அமைத்த அறைக்கு வெளிச்சம் வராது. "இன்டீரியர்", "ஏட்ரியம் வியூ", "லைட்வெல்" என்று வகையில் இருந்தால் வானம் தெரியாது என்று பொருள் கொள்ளுங்கள். இரண்டாவது சத்தம். நடனக் கூடம் இருக்கும் மாடிக்கு நேர் மேலேயும் கீழேயும் உள்ள அறைகளில் பாட்டின் வார்த்தை கேட்காது, ஆனால் தாளத்தின் அடி கட்டடத்தின் எஃகுச் சட்டம் வழியாகக் கட்டில் வரை வரும். காதில் பஞ்சு வைத்தாலும் அது நிற்காது. கூடத்திலிருந்து குறைந்தது இரண்டு மாடி தள்ளிக் கேட்டு வாங்குங்கள்.

கதைகளையும் அப்படியே விழுங்க வேண்டாம். சங்கத்துக்காகக் கட்டியது என்பது ஒன்று, சங்கம் அங்கே கூடியது என்பது வேறு. ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் 1920களில் எழுப்பத் தொடங்கிய மேசன் கோயில் (ஃப்ரீமேசன்கள் தங்கள் சங்கக் கட்டடத்தைக் கோயில் என்றே அழைப்பார்கள்) பணம் இல்லாமல் பாதியில் நின்றது. பல பத்தாண்டுகள் காலியாகக் கிடந்து 2007-ல்தான் ஹோட்டலாகத் திறந்தது. இன்னொரு விஷயம்: சிற்றூர்களில் பல சங்கங்கள் தரைத்தளத்தைக் கடைகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு மேல்மாடியில்தான் கூடின. அப்படிப்பட்ட கட்டடத்தில் இன்று "ஆதிக் கோயில்" என்று காட்டும் வரவேற்புக் கூடம் அன்று மளிகைக் கடையாக இருந்திருக்கலாம். சரிபார்க்க இரண்டு வழிகள், இரண்டும் இலவசம். மேலே சொன்ன பதிவேட்டை நடத்தும் தேசியப் பூங்காச் சேவையின் இணையக் காப்பகத்தில் அந்தக் கட்டடத்தின் பதிவேட்டு விண்ணப்பத்தைத் தேடுங்கள். எது அசல், எது பிறகு வந்தது என்று அதில் பெரும்பாலும் எழுதியிருக்கும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வைத்திருக்கும் சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களில் ஊரையும் தெருவையும் பிடித்தால், எந்த மாடியில் சங்கக் கூடம், கீழே என்ன கடை என்பது வரை பல சமயம் குறித்திருப்பார்கள்.

ஹோட்டல் கடையில் "இந்தச் சங்கத்தின் பழம்பொருள்" என்று விற்கும் வாள், மேலாடை, பதக்கங்களிலும் கவனம் தேவை. அக்காலத்தில் இவை பட்டியல் பார்த்து அஞ்சலில் வாங்கிய சரக்கு. இல்லினாயின் கிரீன்வில்லில் 1892-ல் தொடங்கிய டிமூலின் நிறுவனம் புதிய உறுப்பினரை வேடிக்கைச் சடங்கில் ஏற்றிக் குலுக்கும், சக்கரம் வைத்த பொம்மை ஆடு வரை செய்து நாடெங்கும் அனுப்பியது. ஒஹாயோவின் எம். சி. லில்லி போன்றவர்கள் செய்த வாள்களில் செய்தவர் பெயரும், பல சமயம் உரிமையாளரின் பெயரும் அலகிலேயே பொறித்திருக்கும். பெயரில்லாத வாளுக்கு "இந்தக் கூடத்தில் கிடைத்தது" என்று கதை மட்டும் இருந்தால், கதைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை: என் அறை அசல் கட்டடத்திலா, எந்த மாடியில்? நான் இருக்கும் நாட்களில் கூடம் வாடகைக்குப் போயிருக்கிறதா, எந்த நேரம் திறந்திருக்கும்? திறக்கும் ஜன்னல் உண்டா? கட்டாயக் கட்டணம், வண்டி நிறுத்தம், முன்பணமாக ஒரு இரவுக்குக் கார்டில் பிடித்துவைக்கும் தொகை எவ்வளவு? தொலைபேசியில் கேட்டால் போதாது. பதில் எழுத்தில் இல்லையென்றால் பிறகு வாதாட எதுவும் இருக்காது. விளம்பரப் பக்கத்தை அன்றைய தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அந்தப் பக்கம் மறுவாரமே மாறிவிடலாம். பிடித்துவைக்கும் தொகைக்கு டெபிட் கார்டையோ ஃபாரெக்ஸ் கார்டையோ நீட்டாதீர்கள்; உங்கள் சொந்தப் பணம் நாள் கணக்கில் முடங்கும். கிரெடிட் கார்டு என்றால் வரம்புதான் குறையும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2025 மே 12 முதல், எஃப்டிசி (அமெரிக்க அரசின் மத்திய வணிக ஆணையம்) விதிப்படி அமெரிக்க ஹோட்டல்கள் கட்டாயக் கட்டணம் எல்லாம் சேர்த்த மொத்த விலையைத்தான் முன்னிறுத்திக் காட்ட வேண்டும். அரசு வரியை அந்த விலைக்கு வெளியே வைக்கலாம், ஆனால் பணம் கட்டச் சொல்லும் முன் அதையும் தெரிவித்தாக வேண்டும். மேலே சொன்ன பில்லில் முதல் பக்கத்திலேயே 358 என்று இருந்திருக்க வேண்டும். 319 காட்டியது விதிமீறல். "விரும்பினால்" என்ற பெயரில் வரும் வண்டி நிறுத்தமும் கூடத்தைச் சுற்றிப் பார்ப்பதும் முன்னிறுத்தும் மொத்த விலைக்குள் வர வேண்டியதில்லை, ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

சொன்ன அறை கிடைக்கவில்லை என்றால் பெட்டியைத் திறக்காமல் திரும்பி வரவேற்புக்குப் போங்கள். பணியில் இருக்கும் மேலாளரைக் கேளுங்கள். அறையை மாற்றுங்கள், இல்லையென்றால் டெஸ்டினேஷன் ஃபீயை நீக்குங்கள் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். குடிபானக் கூப்பனோ போனஸ் புள்ளிகளோ நீட்டினால், அதை வாங்குவதால் புகாரைக் கைவிட்டதாகாது என்று எழுதி வாங்காமல் தொடாதீர்கள். வெளியேறும்போது வரிவரியாகப் பிரித்த பில்லைக் கேளுங்கள். ஒத்துவரவில்லை என்றால் அமெரிக்கக் கிரெடிட் கார்டு உள்ளவர்கள், அந்தத் தொகை வந்த முதல் அறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வங்கி 30 நாளுக்குள் கிடைத்ததாகப் பதில் சொல்ல வேண்டும், 90 நாளைத் தாண்டாமல் முடிவும் சொல்ல வேண்டும். "சேவை பிடிக்கவில்லை" என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். "அசல் கட்டடத்தில் அறை, கூடத்துக்கு நுழைவு என்று விற்றார்கள், இரண்டும் தரப்படவில்லை" என்று எழுதி, ஸ்கிரீன்ஷாட், மின்னஞ்சல், பில் மூன்றையும் இணையுங்கள்.