பழைய செயின் பிளானை மீற்றருக்கு மாற்றித் தரும் சேவை: திருகோணமலை அலுவலகம் ஒன்றின் வேலை எப்படி?

திருகோணமலை நகரில் உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரின் அலுவலகம், செயின், லிங்க் என்ற பழைய நீள அளவுகளில் வரைந்த காணிப் பிளான்களை மீற்றருக்கு மாற்றி எழுதித் தருகிறது. பெருக்கல் மட்டும்தான் தேவையென்றால் கைபேசியே போதும், காசு செலவழிக்க வேண்டாம். இவர்களுடைய திறமை பழைய எண்ணைச் சரியாக வாசிப்பதில் இருக்கிறது.

ஒரு செயின் 66 அடி, அதாவது 20.1168 மீற்றர். அதில் 100 லிங்க். பிளானில் 3 செயின் 5 லிங்க் என்றிருப்பது 3.05 செயின், 61.36 மீற்றர். அதையே அவசரத்தில் 3.5 என்று தட்டினால் 70.41 வரும். ஒன்பது மீற்றர் என்பது பக்கத்து வளவுக்குள் வேலி போடப் போதுமான தூரம். இந்த அலுவலகம் தரும் அட்டவணையில் மூல எண், அது செயினா அடியா என்ற குறிப்பு, மாற்றிய மீற்றர் மூன்றும் அருகருகே இருக்கின்றன. பிறகு யார் சரிபார்த்தாலும் எங்கே பிழை என்று கண்டுபிடிக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே இவர்களைப் பரிந்துரைக்கலாம்.

அடுத்து, பரப்பளவை வைத்துப் பக்கங்களைச் சோதிக்கிறார்கள். காணிப் பரப்பைச் சொல்லும் பேர்ச்சஸ் கணக்கில் ஒரு சதுர செயின் 16 பேர்ச்சஸ். 2.50 செயின் நீளமும் 1.25 செயின் அகலமும் உள்ள நீள்சதுரக் காணி 3.125 சதுர செயின், அதாவது 50 பேர்ச்சஸ். 40 பேர்ச்சஸ் ஒரு றூட் என்பதால் பிளானில் அது ஏ.0 றூ.1 பே.10 (ஏக்கர், றூட், பேர்ச்சஸ்) என்றிருக்கும். மீற்றரில் 50.29க்கு 25.15, பரப்பு 0.1265 ஹெக்டேயர். இரண்டு வழியிலும் ஒரே விடை வராவிட்டால் ஏதோ ஓர் எண்ணை யாரோ தவறாகப் பிரதி எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். மாற்றும் வேலையில் பலர் தவிர்த்துவிடும் படி இதுதான்.

எண் எழுதாத பக்கங்களைப் படத்தில் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டிவரும். அங்கே கவனம் கூடுதலாகத் தேவை. அங்குலத்துக்கு 2 செயின் என்ற பிளான் 1:1584. கோட்டில் அரை மில்லிமீற்றர் தவறினால் நிலத்தில் 80 சென்ரிமீற்றர் தவறும். போட்டோக்கொப்பி இரண்டு வீதம் சுருங்கியிருந்தால் 5 செயினில் இரண்டு மீற்றர் காணாமல் போகும். படத்திலுள்ள அளவுக்கோட்டை முதலில் அளந்து, சுருக்கத்தைத் திருத்திவிட்டே மற்றதைத் தொடுகிறார்கள். அப்படிப் பெற்ற நீளங்களுக்கு வேறு நிற மை.

குறைகளும் உண்டு. பேர்ச்சை 25 சதுர மீற்றர் என்று முழுமையாக்கிக் கூட்டிய தாள்கள் இங்கிருந்து வந்திருக்கின்றன. சரியான அளவு 25.29. நூறு பேர்ச்சஸில் 29 சதுர மீற்றர் குறைந்துவிடும், ஒரு பேர்ச்சுக்கும் மேல். கடைசி விடையில் மட்டும் தசமத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒல்லாந்தர் கால வரைபடங்களை இவர்களிடம் கொடுக்க வேண்டாம். பிரட்ரிக் கோட்டைப் பக்கத்துப் பழைய படங்களில் காணும் ரைன்லாந்து கோல் என்ற நீள அளவு 12 ரைன்லாந்து அடி, சுமார் 3.767 மீற்றர். இங்கே அதை ஆங்கிலேயக் கோலாக, பதினாறரை அடியாக எடுக்கிறார்கள். நூறு கோல் 376.7 மீற்றராக இருக்க வேண்டிய இடத்தில் 502.9 ஆகிவிடும்.

காணி உறுதிப் பத்திரத்தில் பாகம், முழம் என்று மட்டும் எழுதியிருந்தால் இவர்கள் செய்வது நேர்மையானது. பாகத்தை 6 அடியாக 1.83 மீற்றர், முழத்தை ஒன்றரை அடியாக 46 சென்ரிமீற்றர் என்று போட்டு, பக்கத்தில் ‘அண்ணளவு’ என்று எழுதுகிறார்கள். கையால் அளந்ததற்கு நான்கு தசமம் காட்டுவது ஆளை ஏமாற்றும் வேலை. கிணறு, மதில், பழைய எல்லைக் கல் என்று நிலத்தில் இன்னும் நிற்கும் ஏதாவதோடு அந்த அளவை ஒப்பிட்டால்தான் பயன்.

அன்று நிலத்தை அளந்த செயின், அதாவது இரும்புச் சங்கிலி, தேய்ந்திருந்தால் அதை மட்டும் தாளில் திருத்த முடியாது. வளையங்கள் தேய்ந்து சங்கிலி நீண்டிருந்தால் பிளானில் எழுதிய தூரம் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். சரிவில் படுக்கவைத்து அளந்திருந்தால் நேர்மாறாக, தூரம் கூடும். 10 பாகைச் சரிவில் செயினுக்கு 30 சென்ரிமீற்றர். இரண்டையும் அறிய, அழியாத இரு எல்லைக் கற்களுக்கிடையே இன்று அளந்து பழைய எண்ணோடு விகிதம் பார்க்க வேண்டும். கேட்டால் கள அளவைக்கு வருகிறார்கள், அதற்குக் கட்டணம் தனி.

போகும்போது உறுதியின் பிரதியும், முடிந்தவரை மூலப் பிளானுக்குக் கிட்டிய பிரதியும் கொண்டுபோங்கள். கைபேசியில் சாய்த்து எடுத்த படம் வேண்டாம். மாற்றித் தரும் தாள் புதிய பிளான் ஆகாது. காணியைப் பிரித்து எழுதுவதானால் நிலத்தில் அளந்து கையெழுத்திட்ட பிளானைத் தனியாகச் செய்விக்க வேண்டும்.