சர்வீஸ் கம்பெனி இன்டர்வியூவா, ப்ராடக்ட் கம்பெனி இன்டர்வியூவா?

கடலூரிலும் புதுச்சேரியிலும் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஐ.டி. வேலை தேடுபவர்களுக்கு இரண்டு வழி உண்டு. டிசிஎஸ், இன்ஃபோசிஸ், காக்னிசன்ட் போல மற்ற நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்துகொடுக்கும் சர்வீஸ் கம்பெனிகள் ஒரு பக்கம். ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் போலச் சொந்தமாக மென்பொருள் செய்து விற்கும் ப்ராடக்ட் கம்பெனிகள் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டு ப்ராடக்ட் பக்கம் சேர்ந்தவன் நான். அதனால் தராசு அந்தப் பக்கம்தான் சாயும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சர்வீஸ் பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் நிலுவை இருக்கக்கூடாது என்று பல இடங்களில் வாசலிலேயே கேட்பார்கள். அப்புறம் ஆன்லைன் தேர்வு: ஆப்டிட்யூட், ரீசனிங், ஆங்கிலம், கொஞ்சம் கோடிங். பெரும்பாலானவர்கள் கழிவது இங்கேதான். இதைத் தாண்டிவிட்டால் நேர்முகம் அவ்வளவு பயமில்லை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், எஸ்.க்யூ.எல். ஜாயின் (டேட்டாபேஸ் டேபிள்களை இணைப்பது), இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸின் பண்புகளை இன்னொரு கிளாஸ் பெறுவது), ‘எந்த ஊரில் போட்டாலும் போவீர்களா, நைட் ஷிஃப்ட் பரவாயில்லையா’ என்பதோடு முடிந்துவிடும். ப்ராஜெக்டை சென்டரில் காசு கொடுத்து வாங்கியவர்கள் மட்டும் அதன் டேபிள் பெயர்களையாவது மனப்பாடம் செய்துகொண்டு போகலாம்.

ப்ராடக்ட் பக்கம் வேறு மாதிரி. முதலில் சி மொழியில் ஒரு நிரலை (ப்ரோக்ராம்) கொடுத்து ‘அவுட்புட் என்ன’ என்பார்கள். பாயின்டரும் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) ரிகர்ஷனும் (செயல்பாடு தன்னையே அழைப்பது) தெரியாவிட்டால் அங்கேயே முடிந்தது. அடுத்து எண் அணியை (மேட்ரிக்ஸ்) சுருள் வடிவில் அச்சிடுவது, மொழியில் தயாராக இருக்கும் லைப்ரரி செயல்பாடு (ஃபங்ஷன்) எதையும் தொடாமல் ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, பின்னிருந்து முன்னாகத் திருப்புவது போன்ற சின்ன நிரல்கள். அதற்கும் மேலே ஒரு சுற்று, ஒரு சின்ன அப்ளிகேஷனையே உட்கார்ந்து எழுதச் சொல்வது.

ரயில் டிக்கெட் முன்பதிவு இந்தச் சுற்றில் பழைய கேள்வி. இடம் இருந்தால் கன்ஃபர்ம், தீர்ந்தால் ஆர்.ஏ.சி., அதுவும் தீர்ந்தால் வெயிட்டிங் லிஸ்ட். ஒருவர் ரத்து செய்தால் ஆர்.ஏ.சி.யில் முதலில் நிற்பவர் மேலே ஏற வேண்டும், வெயிட்டிங்கில் முதல் ஆள் ஆர்.ஏ.சி.க்கு வர வேண்டும். இரண்டு க்யூ வைத்து எழுதிவிடலாம். எழுதி முடித்துவிட்டோம் என்று நிமிரும்போதுதான் பக்கத்தில் வந்து நிற்பார்கள்: ‘சரி, திருச்சியில் ஏறியவர் சிதம்பரத்தில் இறங்கிவிட்டார். அந்த சீட்டை அதற்கு அப்புறம் வரும் திருப்பாதிரிப்புலியூரில் ஏறுபவருக்குக் கொடுக்க முடியுமா?’

இப்போது ‘சீட் காலியா, இல்லையா’ என்ற ஒற்றை மதிப்பு போதாது. நிலையங்களுக்கு வரிசை எண் கொடுத்து, ஒவ்வொரு சீட்டிலும் யார் எங்கே ஏறி எங்கே இறங்குகிறார் என்று பட்டியல் வைக்க வேண்டும். புதிதாக வருபவர் ஏறும் எண் பழையவர் இறங்கும் எண்ணைவிடச் சிறியது, பழையவர் ஏறும் எண் புதியவர் இறங்கும் எண்ணைவிடச் சிறியது, இரண்டும் சேர்ந்து உண்மையானால் மோதல். இல்லையென்றால் சீட் கொடுக்கலாம். இரண்டே ஒப்பீடுதான். ஆனால் முதல் நிரலில் எல்லாவற்றையும் ஒரே மெயின் செயல்பாட்டில் கொட்டி வைத்தவருக்கு இதைச் செருக இடமே இருக்காது. சீட், பயணி, முன்பதிவு என்று பிரித்து எழுதியவர் ஒரு செயல்பாட்டை மாற்றிவிட்டு அடுத்த கேள்விக்குத் தயாராகிவிடுவார். மதிப்பெண் முதல் நிரலுக்கு விழுவதைவிட இந்த மாற்றத்துக்குத்தான் விழும் என்பது என் கணிப்பு. மௌனமாக யோசிக்காமல், ‘இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன் சார், இந்த இடத்தில் சிக்கும்’ என்று வாய்விட்டுச் சொல்பவருக்கு அவர்களே குறிப்பும் கொடுப்பார்கள்.

நான் இந்தப் பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணம், படித்தது வீணாகாது. படகும் நீரோட்டமும், வேலையும் நாட்களும் என்று ஆப்டிட்யூட் கணக்குப் போட்டுக் குவித்ததெல்லாம் முதல் வேலையோடு சரி. இரண்டு வருட அனுபவத்தோடு அடுத்த இடத்துக்குப் போகும்போது பெரும்பாலும் அதை யாரும் கேட்பதில்லை. செய்த வேலையைத்தான் தோண்டுவார்கள். நிரலைப் பிரித்து எழுதும் பழக்கமோ அலுவலகத்தில் முதல் நாளே உதவும், அடுத்த இன்டர்வியூவிலும் உதவும். ஹேஷ் மேப், ட்ரீ, சார்ட்டிங் என்று தரவை அடுக்கும், வரிசைப்படுத்தும் முறைகள் மட்டும் தொடாமல் விட்டால் துருப்பிடிக்கும். வாரத்துக்கு ஒன்றிரண்டு நிரல் எழுதி வைத்தால் போதும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ப்ராடக்ட் கம்பெனிகள் எடுக்கும் ஆட்கள் குறைவு, தயாராக மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் வீட்டில் ‘பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்துட்டானே’ ஆரம்பித்துவிடும். குடும்பத்துக்கு உடனே சம்பளம் தேவையென்றால் சர்வீஸ் ஆஃபரை வாங்கிக்கொண்டு மாலையில் இதற்குப் படிப்பதே புத்திசாலித்தனம். பாண்ட், அதாவது இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம், எத்தனை வருடம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே படித்துவிடுங்கள். பெரிய மென்பொருளின் மொத்த அமைப்பையும் திட்டமிடச் சொல்லும், சீனியர்களுக்கான சிஸ்டம் டிசைன் சுற்றில் எனக்கு அனுபவம் போதாது, அதை வேறு யாராவது எழுதட்டும்.

ஆன்லைன் சுற்று என்றால் கரன்ட் போகும் என்றே வைத்துக்கொண்டு லேப்டாப்பை முழுதாக சார்ஜ் போட்டு, போனில் ஹாட்ஸ்பாட் தயாராக வையுங்கள். நேரில் கூப்பிட்டால் முதல் நாளே சென்னை போய் யார் வீட்டிலாவது தங்கிவிடுங்கள். விடிகாலை ஈ.சி.ஆர். பஸ்ஸில் தூங்கி வழிந்து போய் இறங்கி, மாலை வரை நிரல் எழுதும் சுற்றில் உட்காருவது கஷ்டம்.