உறங்கி எழுந்தால் மறந்துவிடும் கேமரா

பின்புற ஃபோகஸ் பொத்தான், அழுத்தினால் மேலே எழும்பாமல் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியதால் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த என் கேமரா சென்ற வாரம் திரும்பி வந்தது. கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கலாம். பொத்தானை மாற்றியதோடு ஃபர்ம்வேர் எனும் உள் மென்பொருளையும் புதுப்பித்துக் கொடுத்திருந்தார்கள். அதனால், சில ஆண்டுகளாக நான் சிறுகச் சிறுக அமைத்து வைத்திருந்தவை எல்லாம் அழிந்து, கேமரா கடையில் வாங்கிய நாளின் நிலையில் இருந்தது. மெமரி கார்டில் சேமித்திருந்த அமைப்புக் கோப்பைப் புதிய ஃபர்ம்வேர் ஏற்க மறுத்துவிட்டது. ஒவ்வொரு பொத்தானுக்கும் அதன் வேலையை மெனுவுக்குள் தேடித்தேடி மறுபடியும் ஒதுக்கிக்கொண்டிருந்தபோதுதான், இதே கேமராவின் விலை இறங்கியிருப்பதாகவும் பறவைப் படங்களுக்காக வாங்கலாமா என்றும் நண்பர் ஒருவர் கேட்டார். மெகாபிக்சல் கணக்கும் நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கும் அவருக்கே தெரியும் என்பதால், பொத்தான்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

படம் எடுக்க அழுத்தும் ஷட்டர் பொத்தானிடமிருந்து ஃபோகஸ் பொறுப்பைப் பறித்துக் கட்டைவிரலிடம் கொடுப்பது பறவை படம் எடுப்பவர்களிடையே பழைய வழக்கம். இந்தக் கேமராவின் பின்புறத்தில் கட்டைவிரலுக்கு எட்டும் தூரத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. ஒன்றுக்குப் பறவையின் கண்ணைத் தானே தேடிப்பிடிக்கும் அகன்ற பரப்பையும், மற்றொன்றுக்கு ஒற்றைப் புள்ளியையும் ஒதுக்கியிருக்கிறேன். சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நீலத் தாழைக்கோழி திறந்தவெளியில் நடக்கும்வரை முதல் பொத்தான் போதும். அது சம்புப் புதருக்குள் நுழைந்து, முகத்துக்குக் குறுக்கே அதன் தாள் ஒன்று வந்துவிட்டால், கேமராவின் அறிவு கண்ணை விட்டுவிட்டுத் தாளைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கட்டைவிரலைச் சற்று நகர்த்தினால் ஒற்றைப் புள்ளி புதரின் இடைவெளி வழியே பறவையைச் சேர்ந்துவிடுகிறது. இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

நான் எதிர்பாராமல் கண்டடைந்த இன்பம் முன்புறத்தில், லென்ஸுக்கு அருகே, மோதிர விரல் படும் இடத்தில் உள்ள சிறு பொத்தான். அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரையில் மட்டும், கேமராவில், முன்பே பதிந்து வைத்த வேறொரு அமைப்பு நடைமுறைக்கு வரும். விரலை எடுத்தால் பழைய நிலை திரும்பும். முட்டுக்காட்டு உப்பங்கழியில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி கம்பியில் அமர்ந்திருக்கும்போது 1/500 நொடி ஷட்டர் வேகத்தில், குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளியுணர்திறன்; இதைக் கூட்டினால் படம் மணல் தூவியது போலாகும்), இறகின் வரிகள் தெளியும்படி நிதானமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். அது எழும்பி நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கத் தொடங்கியதும் மோதிர விரலை அழுத்தினால் 1/3200 நொடி, தொடர் படப்பிடிப்பின் உச்ச வேகம், அகன்ற ஃபோகஸ் பரப்பு மூன்றும் ஒருங்கே வந்துவிடும். முன்பெல்லாம் இதற்காக மேல் டயலைத் திருப்ப வேண்டியிருந்தது; கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி வைப்பதற்குள் மீன்கொத்தி குத்திட்டுப் பாய்ந்து, மீனோடு கம்பிக்கே திரும்பியிருக்கும். அடையாறு முகத்துவாரத்தில் ஆளா என்னும் நீர்ப்பறவைகளை எடுக்கும்போதும் இதே பொத்தான்தான் துணை. இதை நினைத்த பொறியாளர் கட்டாயம் வெயிலில் நின்று பறவை பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

தொடுதிரையில் மூக்குப் பட்டு ஃபோகஸ் புள்ளி ஓரத்துக்கு ஓடிவிடும் தொல்லையும் உண்டு. இடக்கண்ணால் பார்ப்பவர்கள் அந்த வசதியை முதல் நாளே அணைத்துவிடலாம்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். மேல் டயலில், நமக்கு வேண்டிய அமைப்புகளைப் பதிந்து வைக்க மூன்று கஸ்டம் மோடுகள் இருக்கின்றன. மோதிர விரலை நெடுநேரம் அழுத்திப் பிடித்திருக்க முடியாது என்பதால், பறக்கும் பறவைகளுக்காக மட்டுமே காத்திருக்கும் நேரங்களில் இவற்றில் ஒன்றையே பயன்படுத்துகிறேன். பள்ளிக்கரணைக்குக் குளிர்காலத்தில் வரும் சேற்றுப் பூனைப்பருந்து, மாலை மங்கும் நேரத்தில் கோரைக்குள் அடைய வரும். 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம்தான் என்றாலும், ரேடியல் சாலையோரம் நிற்பவருக்கு முதுகுப்பக்கம் லாரிகள், முகத்துக்கு எதிரே நாரைகள். வெளிச்சம் குறையக் குறைய, பதிந்து வைத்த 1/3200-ஐ 1/1250-க்கு இறக்கி, வெளிறிய வானத்தின் முன் பருந்து கருத்துப்போகாதிருக்க எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒரு படி கூட்டி வைத்துக் காத்திருப்பேன். பருந்து வருவதற்குள் மின்சேமிப்புக்காகக் கேமரா உறங்கிவிடும். அது வந்ததும் பொத்தானைத் தொட்டு எழுப்பினால், நான் செய்த மாற்றங்கள் அனைத்தையும் உதறிவிட்டு 1/3200-க்கே திரும்பி நிற்கும். 1/1250-இல் ஐஎஸ்ஓ 5000 போதுமாயிருந்த வெளிச்சத்துக்கு இப்போது 12800 வேண்டும். எக்ஸ்போஷர் கூட்டலும் போய்விட்டதால், கரும்புள்ளியாக ஒரு பருந்தும் அதைச் சுற்றி மணல் தூவியது போன்ற வானமும்தான் மிஞ்சும்.

மாற்றங்களைத் தானாகவே சேமித்துக்கொள்ளும் வசதி மெனுவில் இருக்கிறதே என்று இதை அறிந்தவர்கள் சொல்வார்கள். அதை இயக்கினால், நேற்று மாலை மங்கிய ஒளிக்காகச் செய்த அமைப்போடு இன்று காலை வெயிலில் கேமரா கண் விழிக்கும். டயலைத் திருப்பியதும் நம்பகமான ஒரு தொடக்க நிலைக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தானே கஸ்டம் மோடே இருக்கிறது? பொத்தானால் அணைத்தாலோ டயலைத் திருப்பினாலோ பழைய நிலைக்குப் போகட்டும். தானாக உறங்கி எழும்போது மட்டும் நான் விட்ட இடத்தில் நிற்கட்டும். அணைப்பதற்கும் அயர்வதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பிரித்தறிய ஒரு மென்பொருள் திருத்தம் போதும் என்றே நினைக்கிறேன். பழுதுபார்ப்போடு வந்த ஃபர்ம்வேரில் அது சேர்ந்திருக்கும் என்று ஆவலோடு சோதித்துப் பார்த்தேன், சேரவில்லை. பறவை பார்ப்பதில் பெரும்பகுதி காத்திருப்புதான் என்பதை அறிந்து மோதிர விரலுக்குப் பொத்தான் வைத்தவர்கள், காத்திருப்பவரை இப்படித் தண்டிப்பானேன்?

ஆகவே, வாங்க வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். மேலே எழுதியவற்றை நியாயமாகக் கூட்டிக் கழித்தால் வாங்கலாம் என்றே விடை வரும் என்பதும், என்னுடையதை யார் கேட்டாலும் நான் விற்கப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். பழுதிலிருந்து வந்த மறுநாளே மறுபடி ஒரு பருந்தை இழந்தவனிடம் வேறு தீர்ப்பை எதிர்பார்க்க முடியாது. அதையும் மீறி வாங்குபவர்கள், தானாகச் சேமிக்கும் வசதியை அணைத்து, கேமரா உறங்குமுன் காத்திருக்கும் நேரத்தை அரைமணி வரை நீட்டி வையுங்கள். வியூஃபைண்டர் விழித்தே இருந்தால் பேட்டரி வேகமாக வடியும். எனவே இறங்கிய விலையைப் பார்த்து மகிழும்போது, கூடுதலாக இரண்டு பேட்டரிகளின் விலையையும் அதோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.